ஒடிந்தது ஈட்டியா, எலும்பா?

தோற்றவன் சொன்ன வரலாறு என்று ஒன்று உலகத்தில் உண்டா? உண்டு என்பவர்கள் எடுத்துக் காட்டுகிற புத்தகம் ஒன்று இருக்கிறது. மெக்சிகோக்காரரான மிகேல் லெயோன் போர்த்தில்யா 1959இல் தொகுத்தது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ‘தோற்றவர்களின் பார்வை’. 1962இல் ஆங்கிலத்துக்குப் போனபோது ‘ஒடிந்த ஈட்டிகள்’ என்று பெயர் மாறியது. அஸ்தெக் மக்களை ஸ்பானியர் வென்ற கதையை வெல்லப்பட்டவர்களின் நாவாட்ல் மொழி ஏடுகளிலிருந்து எடுத்துச் சொல்கிற புத்தகம் இது. தலித் எழுத்து பற்றிப் பேசுகிற நண்பர்கள் பலர் இதை முன்மாதிரியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். “நமக்கும் இப்படி ஒன்னு வேணும் தோழர்” என்பார்கள். வேணும்தான். எப்படிப்பட்டது வேணும் என்பதுதான் கேள்வி.

நான் கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். எங்கள் மலையும் வெல்லப்பட்ட மலைதான். அது வெல்லப்பட்டதற்கும் பாட்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தோம், பரீட்சை எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். அந்தப் பாட்டையும் இந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெக்சிகோ. 1519இல் ஹெர்னான் கோர்த்தெஸ் சில நூறு ஆட்களோடு கரை இறங்கினான். 1521 ஆகஸ்ட் 13இல் ஏரிக்கு நடுவே இருந்த தெனோச்சித்லான் நகரம் விழுந்தது. சில நூறு பேர் எப்படி ஒரு பேரரசைச் சாய்த்தார்கள்? துப்பாக்கியும் குதிரையும் மட்டும் காரணமில்லை. 1520இல் பெரியம்மை வந்தது. அதோடு, அஸ்தெக்குகளுக்குக் கப்பம் கட்டிச் சலித்துப்போன ஊர்கள், அவர்களோடு தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த த்லாஸ்கலா நாட்டார் எல்லாரும் கோர்த்தெஸ் பக்கம் சேர்ந்தார்கள். நகரத்தை முற்றுகையிட்டவர்களில் ஸ்பானியன் சிறுபான்மை. அந்த மண்ணின் ஆட்கள்தான் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். அதற்குப் பிறகு நடந்தது உலகம் அறிந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் மத்திய மெக்சிகோவின் மக்கள்தொகை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு.

லெயோன் போர்த்தில்யா எடுத்தாளுகிற ஏடுகளில் முக்கியமானது, சாகுன் என்ற ஸ்பானியப் பாதிரி நாவா முதியவர்களிடம் கேட்டு, நாவா மாணவர்களைக் கொண்டு எழுதவைத்த பன்னிரண்டு புத்தகங்களில் கடைசியானது. 1577 வாக்கில் முடிந்தது. பக்கத்தின் ஒரு பத்தியில் நாவாட்ல், மறுபத்தியில் ஸ்பானியம். 1520 மே மாதத்துப் படுகொலையை அந்த ஏடு சொல்கிற விதம் மறக்க முடியாதது. கோயில் முற்றத்தில் திருவிழா ஆட்டம் நடக்கிறது. ஆடுகிறவர்களிடம் ஆயுதம் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே புகுந்த ஸ்பானியர், தாளம் கொட்டுகிறவனிடம் போய் அவன் இரண்டு கையையும் வெட்டினார்கள். பறையடிக்கிற வீட்டில் பிறந்தவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கோர்த்தெஸின் படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதிய தடித்த புத்தகத்தில் அந்தக் கை இல்லை. அந்தக் கையைப் பார்த்தவர்கள் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. புத்தகத்தின் பெருமை இதுதான்.

இப்போது குறையைச் சொல்கிறேன். ‘தோற்றவர்கள்’ என்று மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டார் தொகுப்பாளர். உள்ளே யார் பேசுகிறார்கள்? சாகுனுக்கு எழுதிக்கொடுத்த மாணவர்கள், ஆண்டவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பாதிரிகள் நடத்திய கல்லூரியில் படித்தவர்கள். சொன்னவர்களில் பலர் த்லாதெலோல்கோ ஊர்ப் பெரியவர்கள். பக்கத்து ஊரான தெனோச்சித்லான்காரர்களைக் குறை சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. அதைவிட வேடிக்கை, த்லாஸ்கலா தரப்பின் கதையும் இதே தொகுப்பில் இருக்கிறது. த்லாஸ்கலா தோற்ற தரப்பா? வென்றவனோடு போய் நகரத்தை இடித்த தரப்பு. ஐரோப்பியன் அல்லாத எல்லாரையும் ஒரே கூடையில் போட்டால் கூடைக்குள் யார் யாரை மிதித்தார்கள் என்பது தெரியாமல் போய்விடும். அங்கே பாரம் சுமப்பதையே தொழிலாகக் கொண்ட கூலிகள் இருந்தார்கள். தமேமே என்று பெயர். நெற்றியில் பட்டையைக் கட்டி முதுகில் மூட்டையைத் தொங்கவிட்டு மலை ஏறுகிறவர்கள். அஸ்தெக் வியாபாரிக்கும் சுமந்தார்கள், ஸ்பானியன் வந்த பிறகு அவனுக்கும் சுமந்தார்கள். அவர்களுடைய பார்வை இந்தப் புத்தகத்தில் இல்லை.

ஆங்கிலத் தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நகரம் விழுந்த பிறகு தெருவில் என்ன கிடந்தது என்று சொல்கிற ஓர் ஏட்டு வரியில் ‘ஒடிந்த ஈட்டி’ என்று லெயோன் போர்த்தில்யா தரப்பு வாசித்தது. நாவாட்ல் மொழியில் ஆழ்ந்த ஜேம்ஸ் லாக்ஹார்ட் 1993இல் அதே ஏட்டை மொழிபெயர்த்தபோது, அந்தச் சொல் ஈட்டி இல்லை, எலும்பு என்றார். அந்த மொழியில் இரண்டு சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம். எனக்கு நாவாட்ல் தெரியாது, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரியும். ஈட்டி வீரன் கையில் இருப்பது. அது ஒடிந்தால் காவியம். எலும்பு எல்லார் உடம்பிலும் இருப்பது. கூலிக்காரன், கிழவி, கைக்குழந்தை எல்லாருக்கும் உண்டு. உலகம் எந்த வாசிப்பைத் தலைப்பாக விரும்பி ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள்.

இதை மனசில் வைத்துக்கொண்டு கொல்லிக்கு வாருங்கள். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளி போனால் மலைப்பாதை தொடங்கும், எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை. ஆடி 17, 18இல் வருசா வருசம் அரசு விழா நடக்கும். கொல்லியை ஆண்ட குறுநில மன்னன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்தவன். வன்பரணரும் கழைதின் யானையாரும் புறநானூற்றில் பாடிய ஓரி இதுதான். மேடைப் பேச்சும் இதோடு முடிந்துவிடும். ஓரி எப்படிச் செத்தான் என்பதை விழாவில் சொல்கிறவர் குறைவு.

சங்கப் பாட்டு மறைக்கவில்லை. அகநானூறு 209, கல்லாடனார் பாட்டு: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று, பலா நிறைந்த கொல்லியைச் சேரர்களுக்குக் கொடுத்தான். கொன்றவன் ஒருத்தன், மலையை வாங்கிக்கொண்டவன் இன்னொருத்தன். த்லாஸ்கலா ஞாபகம் வருகிறதா? சிறியவனைக் கொண்டு சிறியவனை அடித்து, பெரியவன் மலையை எடுத்துக்கொள்கிறான். இதற்குக் கடல் தாண்டி யாரும் வர வேண்டியதில்லை. காரியும் தமிழ் பேசியவன், ஓரியும் தமிழ் பேசியவன், சேரனும் அப்படியே. மூன்று பேரும் ‘நம்ம ஆளு’தான் என்று மேடையில் பெருமை பேசுகிறோம்.

அதே பாட்டில் இந்தக் கொலை எதற்காக வருகிறது என்று பாருங்கள். அது அகப்பாட்டு. பொருள் தேடப் போன தலைவன் உன்னை மறக்கமாட்டான், கொல்லிப்பாவை மாதிரி இருக்கிற உன் அழகு அப்படிப்பட்டது என்று தோழி தலைவிக்குச் சொல்கிறாள். ஒரு மலை கைமாறிய சேதி, பெண்ணின் அழகுக்கு உவமையாக வரும் சிலையின் முகவரியாகச் சுருங்கிவிட்டது.

நற்றிணை 320 இன்னும் கடுமை. கபிலர் பாட்டு, மருதத் திணை. பேசுகிறவள் ஒரு பரத்தை. திருவிழா முடிந்த தெருவில் தழை உடுத்திய இளம்பெண் ஒருத்தி நடந்து போகிறாள். அவளைப் பார்த்து ஊரே இரைகிறது. எப்படி இரைகிறது? ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அவன் ஊரின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த இரைச்சல் மாதிரி. இவ்வளவுதான். ஒரு ஊர் விழுந்த அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்த மனுசர்கள் எழுப்பிய சத்தம், பரத்தையைப் பற்றிய ஊர்ப் பேச்சுக்கு உவமை. அந்த மனுசர்களைப் பாட்டு ‘பகைவர்’ என்றுதான் குறிப்பிடுகிறது. யாருக்குப் பகைவர்? காரிக்கு. கேமரா காரியின் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை, வெறும் ஒலிக்குறிப்பு. சங்க இலக்கியத்தின் உவமை நயம் என்று இதை வகுப்பில் நடத்துகிறார்கள். நயம் இருக்கிறது, மறுக்கவில்லை. யாருடைய அலறலின் மேல் அந்த நயம் நிற்கிறது என்று கேட்கிற உரிமையும் எனக்கு இருக்கிறது.

இன்னொன்று சிறுபாணாற்றுப்படை. ஏழு வள்ளல்களின் பட்டியலை அது தருகிறது. அதில் காரியும் உண்டு, ஓரியும் உண்டு. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வரிசையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரியைப் பற்றிச் சொல்லும்போது காரியோடு போரிட்டவன் என்பதும் அடையாளமாக வருகிறது. பாணனுக்குக் கொடுத்தானா என்பது மட்டுமே அளவுகோல் ஆகும்போது, யாரைக் கொன்று கொடுத்தான் என்பது கேள்வியாகவே எழாது. கொடையை அறமாக்கினால் கொள்ளை கண்ணுக்குத் தெரியாது.

பாட்டுக்குக் கூலியும் தெரிந்த விஷயம். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில்கிழார். கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இரு பெருவேந்தரையும் அவன் வென்றதாகப் பதிகம் சொல்கிறது. பத்துப் பாட்டுக்கு ஒன்பது நூறாயிரம் காணம் பொன்னும் அரசுகட்டிலும் கொடுத்தான், புலவர் அரசை மறுத்து அமைச்சரானார் என்றும் அதே பதிகம் சொல்கிறது. கணக்குப் போட்டால் பாட்டுக்குத் தொண்ணூறாயிரம். தோற்ற ஊரைப் பாடினால் யார் கொடுப்பார்? பறம்பு விழுந்தபோது பாரிக்காகக் கலங்கிய கபிலர்தான், ஓரியைக் கொன்ற காரியையும் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கபிலரைத் திட்டுவது என் நோக்கமில்லை. எந்த அழுகை பாட்டாகிறது, எந்த அழுகை உவமையாகிறது என்பதைத் தீர்மானிப்பது புலவனின் மனசு மட்டும் இல்லை என்கிறேன். பாரியின் மகளிர் பெயரில் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. நம் இலக்கியத்தில் ‘தோற்றவர்களின் பார்வை’ என்று சொல்லத்தக்கது அதுதான். அதுவும் அரசன் வீட்டுப் பெண்கள் சொன்னது. சாகுனுக்குச் சொன்னவர்கள் மாதிரியே.

கொல்லிக்கு இன்னொரு வெற்றிக் கதையும் உண்டு. மலைமேல் இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் தங்களைப் பற்றிச் சொல்கிற கதை. காஞ்சிபுரத்திலிருந்து வேளாளச் சகோதரர்கள் மூன்று பேர், கரிராமன் சாமியோடு வந்தார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்று போகும். 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளில் இதற்குப் பல வடிவம் இருக்கிறது. ஒரு வடிவத்தில் அவர்கள் இங்கே கட்டிக்கொண்ட பெண்கள் கைக்கோளர், வேடர், தேவேந்திரப் பள்ளர் வீட்டவர்கள். அண்ணன் தம்பிகளுக்குப் பெயர் இருக்கிறது, சாமிக்குப் பெயர் இருக்கிறது. அந்த மூன்று பெண்களுக்கும் சாதிப் பெயர்தான் மிச்சம். அவர்கள் ஏற்கெனவே இருந்த ஆட்களின் வீட்டுப் பெண்கள் என்றால், அந்த ஆட்கள் என்ன ஆனார்கள்? கதை சொல்லவில்லை.

மெக்சிகோவிலும் ஒருத்தி இருந்தாள். மலின்சின். 1519இல் தபாஸ்கோவில் தோற்றவர்கள் கோர்த்தெஸுக்குக் கொடுத்த அடிமைப் பெண்களில் ஒருத்தி. மாயா மொழியும் நாவாட்லும் தெரிந்ததால் அவன் வாயாக ஆனாள், அவனுக்குப் பிள்ளையும் பெற்றாள். இன்றைக்கு மெக்சிகோவில் அவள் பெயரிலிருந்து வந்த சொல் துரோகத்தைக் குறிக்கும் வசவு. விற்கப்பட்டவளைத் துரோகி என்கிறார்கள். விற்றவர்களுக்கு அப்படி ஒரு வசவு கிடையாது. அங்கே பெண்ணுக்குப் பெயர் இருந்து பழி வந்தது, இங்கே பெயரே வரவில்லை.

இந்த ஒப்பீட்டை நான்தான் முதலில் செய்கிறேன் என்று இல்லை. 1873இல் ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ எழுதினார். கருப்பு மக்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். ஐரோப்பியக் குடியேறிகள் அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்குச் செய்த கொடுமையை, ஆரியர்கள் இங்கிருந்த மக்களுக்குச் செய்ததோடு அதன் முன்னுரையிலேயே ஒப்பிட்டார். பலிராஜனின் கதையைத் தோற்றவன் பக்கம் நின்று வாசிக்கலாம் என்று காட்டிய முதல் ஆள். அந்தத் துணிச்சலுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவருடைய ஒப்பீடு வெளியிலிருந்து வந்தவன், உள்ளே இருந்தவன் என்ற கோட்டின் மேல் நிற்கிறது. கோர்த்தெஸுக்கு அந்தக் கோடு பொருந்தும். காரிக்குப் பொருந்தாது.

அம்பேத்கர் அந்தக் கோட்டை அழித்தார். ஆரியப் படையெடுப்பு என்ற இனக் கோட்பாட்டை 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் மறுத்தார். 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் வேறு கேள்வி கேட்டார். இனக்குழுக்கள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்ட காலத்தில், தோற்ற குழு சிதறும். சிதறிய துண்டுகள் என்ன ஆகும்? இன்னொரு குழுவின் ஊருக்கு வெளியே போய் ஒண்டும். ஊர்க் காவல் செய்யும், எல்லையில் கிடக்கும், சோறு வாங்கும். ‘உடைந்த மனிதர்கள்’ என்று பெயர் வைத்தார். தீண்டத்தக்கவனுக்கும் தீண்டப்படாதவனுக்கும் இன வேறுபாடு கிடையாது என்றார். தலித் என்ற சொல்லுக்கே உடைக்கப்பட்டவர் என்றுதானே பொருள். இது ஒரு கருதுகோள். சான்றுச் சங்கிலியில் கண்ணி விட்டுப்போன இடத்தில் ஊகம் செய்ய ஆராய்ச்சியாளனுக்கு உரிமை உண்டு என்று முன்னுரையிலேயே வாதாடுகிறார்.

அம்பேத்கரின் இந்தக் கேள்வியை நற்றிணை 320இன் தெருவில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பாட்டு வேறு பாட்டாகிவிடும். காரி நுழைந்தான், ஊர் இரைந்தது, சரி. மறுநாள்? அந்தத் தெருவிலிருந்து வெளியேறியவர்கள் எந்தத் திசையில் நடந்தார்கள்? யாருடைய ஊர் எல்லையில் போய் நின்றார்கள்? நம் வாசிப்பு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

உடனே ஒரு எச்சரிக்கை. “அப்போ நாமதான் ஓரி வம்சம்” என்று யாராவது கிளம்பிவிட வேண்டாம். ஓரி எங்கள் சாதி என்று சொல்லிக்கொள்கிற அமைப்புகள் ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. நாமும் ஒரு போஸ்டர் ஒட்டினால் வரிசையில் ஒரு ஆள் கூடும், அவ்வளவுதான். அதற்குச் சான்றும் கிடையாது. ஓரியும் ஆண்டவன்தான். அவன் அம்புக்கும் யாரோ அஞ்சியிருப்பார்கள், அவன் யானைக்கும் யாரோ தழை வெட்டிப் போட்டிருப்பார்கள். உடைந்தவர்களின் வரலாறு தோற்ற ராசாவின் வரலாறு அல்ல. லெயோன் போர்த்தில்யா தவறவிட்டது இந்த வேறுபாட்டைத்தான். த்லாஸ்கலா, தெனோச்சித்லான், ஸ்பானியன் என்று யார் ஆண்டாலும் மூட்டை தமேமேயின் முதுகில்தான் இருந்தது.

ரோடு போடுவதற்கு முந்தி எங்க அப்பாயி காரவள்ளி வழியாக மலை ஏறி இறங்கியவள். பலாப்பழமும் மிளகு மூட்டையும் தலையில் சுமந்து காளப்பநாயக்கன்பட்டியில் இறக்கிக் கூலி வாங்கியிருக்கிறாள். வல்வில் ஓரியைப் பற்றிக் கேட்டதற்கு அவள் சொன்னது: “ராசாவா? எந்த ஊர்க்காரன்டா அவன்? எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில தண்ணி குடிச்சா ஏன்டா குடிச்சேன்னு கேக்க ஆள் வராதுங்கறதுதான்.” கொல்லியைப் பற்றி நான் கேட்டதிலேயே நம்பகமான வரலாற்றுக் குறிப்பு இது. எந்தப் பாறை வழுக்கும் என்பது சுமக்கிறவனுக்கு மட்டுமே தெரியும். எந்தச் சுனையில் குடிக்கக் கூடாது என்பது தீண்டாமையின் வரைபடம். சங்கப் பாட்டில் கொல்லியின் பலாவும் பாவையும் உண்டு. பழத்தைக் கீழே சுமந்து வந்த கழுத்து எங்கே?

மலையிலிருந்து இன்றைக்கு லாரியில் இறங்குகிறவற்றைப் பாருங்கள். மரவள்ளி, அதாவது எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கு; அன்னாசி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அந்தக் கண்டத்தை ஐரோப்பியன் வென்ற பிறகு கப்பலேறி இங்கே வந்தவை. சேகோ ஆலைக்குக் கிழங்கு போட ஆரம்பித்த பிறகு மலையில் சாமையும் தினையும் நட்ட நிலம் சுருங்கிவிட்டது. வென்றவனின் சரக்கு தோற்றவனின் வயலுக்கு வர ராசா யாரும் தேவையில்லை, சந்தையே போதும். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி விழுந்த நகரத்துக்கும் எங்கள் அடிவாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுக் குழம்பில் இருக்கிற மிளகாயையும் தக்காளியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆகவே, நமக்கும் ஒரு ‘தோற்றவர்களின் பார்வை’ வேணும் என்கிற நண்பர்களுக்கு என் பதில் இது. தோற்ற மன்னர்களைத் தேடி அலைய வேண்டாம். அவர்களுக்குச் சிலையும் விழாவும் இருக்கிறது. மலையிலும் அடிவாரத்திலும் சுமந்தவர்கள், சுனை மறுக்கப்பட்டவர்கள், கதையில் பெயர் இல்லாமல் போன பெண்களின் பேத்திகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்கள் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதட்டும். எழுதுகிறவர் பெயரோடு சொன்னவர் பெயரும் அச்சில் வரட்டும், சொன்னவர் சம்மதித்தால். மலைக்காரரும் சேரிக்காரரும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதட்டும். கசப்பாக இருந்தாலும் வெட்டிவிட வேண்டாம். அப்படி ஒரு தொகுதி வந்தால் அதற்கு ஈட்டி என்று தலைப்பு வைக்க வேண்டாம். ஈட்டி பிடித்தவன் வேறு ஆள். நம்மிடம் இருப்பது எலும்பு.